பஞ்சருக்கும் மின்தடைக்கும் நன்றி

மழைக்காட்டு இயற்கைக் காப்பகங்களை நிர்வகிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

சென்ற வார இறுதியில் இரண்டு நாள் உங்கள் விருந்தினனாக இருந்துவிட்டு வந்தேன். எந்தக் காப்பகம் என்று எழுதப்போவதில்லை. எழுதினால் அங்கே பணியில் இருக்கும் நல்ல மனிதர் ஒருவருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் போகும் என்ற பயம் ஒரு காரணம். பெயரை மட்டும் மாற்றிப் போட்டால் பல காப்பகங்களுக்கு இந்த மடல் அப்படியே பொருந்தும் என்பது இன்னொரு காரணம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வெளியேறும் வாசலில் ஒரு படிவத்தை நீட்டினார்கள். ‘நீங்கள் கண்ட விலங்குகள்’ என்று தலைப்பு. யானை, புலி, சிறுத்தை, கரடி, காட்டுமாடு என்று ஐந்து கட்டங்கள். டிக் செய்ய எனக்கு ஒன்றுமே இல்லை. ஐந்தையும் காலியாக விட்டுக் கொடுக்க மனம் வராமல், கட்டங்களுக்குக் கீழே பேனாவால் ‘அட்டை’ என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்த காவலர் சிரித்துவிட்டு, “இதெல்லாம் கணக்கில் வராது சார்” என்றார்.

அந்தக் கணக்கைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

சனிக்கிழமை மாலை மூன்றரை மணிக்கு ஜீப்புகள் கிளம்பின. ஒன்றன் பின் ஒன்றாக ஆறு. நுழைவு வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு புலிப் படம் வைத்திருக்கிறீர்கள். அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள ஒரு வரிசை வேறு. அதைப் பார்த்துவிட்டு வண்டியில் ஏறுகிறவனுக்கு வேறு என்ன நினைப்பு வரும்? நான் மட்டும் யோக்கியன் என்று சொல்லவில்லை. உட்கார்ந்ததும் ஓட்டுநரிடம், “இன்று புலி கிடைக்குமா?” என்று முதலில் கேட்டவனே நான்தான். கடையில் தக்காளி கிடைக்குமா என்று கேட்கிற தொனியில்.

முன் இருக்கையில் வழிகாட்டி. ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். மடியில் வாக்கி டாக்கி. காட்டின் ஓரத்திலேயே பிறந்து வளர்ந்தவர் என்று பிறகு தெரிந்தது. அன்று மாலை முழுக்க அவர் வாயிலிருந்து வந்தவை, “இடது பக்கம் பாருங்கள் சார்”, “கையை வெளியே நீட்டாதீர்கள் சார்” என்ற இரண்டு வாக்கியங்கள்தான். மற்ற நேரமெல்லாம் வாக்கி டாக்கி பேசியது. ஒரு கட்டத்தில் அது “யானை” என்றது. வண்டி பறந்தது. குழியில் விழுந்து எழுந்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எங்களுக்கு முன்பே நான்கு ஜீப்புகள் அங்கே இருந்தன. யானை இல்லை. பாதையின் நடுவில் அதன் லத்தி மட்டும் கிடந்தது. ஆவி பறந்துகொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். பாதி செரித்த நார்களுக்கிடையே புளியங்கொட்டை அளவில் ஏதோ ஒரு பழத்தின் விதைகள் பளபளவென்று இருந்தன. ஒரு சாணவண்டு வந்து சேர்ந்து, தன் பங்கைப் பிரித்து உருட்டத் தொடங்கியிருந்தது. தன்னைவிடப் பெரிய உருண்டையைப் பின்னங்கால்களால் தள்ளிக்கொண்டு, தலைகீழாக நின்றபடி அது பின்னோக்கிப் போகும் அழகு இருக்கிறதே! அரை நிமிடம்கூடப் பார்த்திருக்க மாட்டேன். “போய்விட்டது” என்று சொல்லி ஓட்டுநர் ரிவர்ஸ் எடுத்தார்.

ஒரு மரத்தின் விதையைத் தின்று, கிலோமீட்டர் கணக்கில் சுமந்து போய், எருவோடு சேர்த்து இறக்கிவைத்துவிட்டுப் போகிறது யானை. வண்டு அதில் ஒரு பகுதியை மண்ணுக்குள் புதைக்கிறது. காடு தன்னைத் தானே நட்டுக்கொள்ளும் வேலை எங்கள் கண்முன்னே நடந்துகொண்டிருந்தது. நாங்கள் அதன் மேல் டயரை ஏற்றிவிட்டுத் திரும்பினோம்.

மழைக்காட்டில் பெரிய விலங்கு கண்ணில் படாமல் போவது வருபவரின் துரதிர்ஷ்டம் அல்ல என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தொலைக்காட்சியில் மந்தை மந்தையாக விலங்குகளைக் காட்டுகிறார்களே, அது புல்வெளி. அங்கே சாப்பாடு தரையில் இருக்கிறது. சாப்பிட வருபவையும் தரையில் இருக்கின்றன. நடுவில் மறைக்க ஒன்றும் இல்லை. மழைக்காட்டில் மேலே விழும் வெயிலில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் தரைவரை வந்து சேர்கிறது. இலை, பூ, கனி எல்லாம் முப்பது நாற்பது மீட்டர் உயரத்தில். ஆகவே குடித்தனம் பெரும்பாலும் அங்கேதான். தரையில் நிற்கும் நாம், மாடியில் நடக்கும் விருந்தைத் தெருவில் நின்று கேட்கிறவர்கள் மாதிரி: சத்தம் வரும், ஆள் தெரியாது. இந்தக் காட்டுக்குப் புல்வெளியின் வாக்குறுதியைக் கொடுத்து ஆள் சேர்த்தால் வந்தவர் ஏமாறத்தான் செய்வார். ஏமாற்றத்தை ஈடுகட்ட வண்டி இன்னும் வேகமாக ஓடும். வேகமாக ஓடும் வண்டிக்கு விலங்கு இன்னும் விலகிப் போகும்.

விலகிப் போகும் என்பது என் ஊகம் அல்ல. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 2012இல் ஆய்வாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். சாலையே இல்லாத காட்டுப் பகுதியில், சுமார் அரை கிலோமீட்டர் நீளத்துக்கு ஒலிபெருக்கிகளை வரிசையாக வைத்து, வாகனங்கள் ஓடும் சத்தத்தை மட்டும் ஒலிக்கவிட்டார்கள். வண்டி இல்லை, புகை இல்லை, தார் இல்லை, சத்தம் மட்டும். அந்தப் ‘பேய்ச் சாலை’ ஒலித்த நாட்களில் அங்கே பறவைகளின் எண்ணிக்கை கால் பங்குக்கு மேல் குறைந்தது. சில இனங்கள் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

சரி, எஞ்சினை அணைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கலாம் என்றால், நம் வாய் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில் நீர்நிலைகளின் ஓரம் ஒலிபெருக்கிகளை வைத்து, சிங்கத்தின் உறுமலையும் மனிதர்கள் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் குரலையும் மாற்றி மாற்றி ஒலிக்கவிட்ட ஆய்வு 2023இல் வெளியானது. சிங்கத்தின் குரலுக்கு ஓடியதைப் போல இரண்டு மடங்கு, மனிதக் குரலுக்கு விலங்குகள் ஓடின. யாரும் கத்தவில்லை, சண்டை போடவில்லை, சும்மா பேசியதற்கு. எங்கள் ஜீப்பில் எட்டுப் பேர் இருந்தோம். எட்டுப் பேரும் சும்மாதான் பேசிக்கொண்டிருந்தோம்.

இப்படி விலகுகிறவை எங்கே போகின்றன? இடத்தால் விலக முடியாதவை நேரத்தால் விலகுகின்றன. ஆறு கண்டங்களில் 62 பாலூட்டி இனங்களைப் பற்றிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை 2018இல் வந்தது. பகலையும் இரவையும் சரிபாதியாகப் பிரித்து நடமாடும் விலங்கு, மனிதர் புழங்கும் இடத்தில் தன் நடமாட்டத்தில் இரவின் பங்கை 68 சதவீதமாக உயர்த்திக்கொள்கிறது என்று கணக்கிட்டிருந்தார்கள். துப்பாக்கியோடு வருகிறவனுக்கு மட்டும் அல்ல, வெறுமனே நடந்து போகிறவனுக்கும் இதே மரியாதைதான். அதாவது நாங்கள் சனிக்கிழமை மாலை மூன்றரை மணிக்குத் தேடப் போன விலங்கு, எங்களைப் போன்றவர்கள் வருகிறோம் என்பதற்காகவே அந்த வேளையில் வராமல் இருக்கப் பழகியிருக்கலாம்.

இனி அன்றிரவு நடந்தது.

விடுதி காட்டின் விளிம்பில் இருந்தது. முற்றத்து மரங்களின் அடியில் வெள்ளை விளக்குகளை வைத்து உச்சிவரை ஒளி பாய்ச்சியிருந்தார்கள். யாரோ ஒலிபெருக்கியில் பாட்டு வைத்திருந்தார்கள். காட்டுக்குள் தங்குகிறோம் என்ற எண்ணமே எழாதபடி எல்லா வசதியும் இருந்தது. எட்டே முக்கால் மணிக்கு மின்சாரம் போனது. ஜெனரேட்டரை இழுத்து இழுத்துப் பார்த்தார்கள். இருமியதே தவிரக் கிளம்பவில்லை. ஒரு பெருமூச்சு எழுந்தது முற்றத்தில். உடனே செல்போன் டார்ச்சுகள் முளைத்தன. இரவுச் சாப்பாடு தாமதமாகும் என்று சொல்ல வந்த வழிகாட்டி, படியில் உட்கார்ந்திருந்த எங்கள் நான்கு பேரையும் பார்த்து, “விளக்கை அணைத்துவிட்டு இருபது நிமிடம் சும்மா இருக்க முடியுமா?” என்று கேட்டார். சவால் மாதிரி இருந்தது. அணைத்தோம்.

முதல் ஐந்து நிமிடம் சிறையில் இருப்பது போலிருந்தது. பாட்டு நின்றுவிட்ட இடத்தில் வேறு ஒன்று மெல்ல நிரம்பியது. முதலில் ‘பூச்சிச் சத்தம்’ என்று ஒரே மொத்தையாகக் கேட்டது, கேட்கக் கேட்கப் பிரிந்தது. கீழே தரையோடு ஒரு தவளை, நிதானமாக, கதவைத் தட்டுவது போல. அதற்கு மேலே சுவர்க்கோழிகள் ஒரு சுருதியில். இன்னும் மேலே, காது கூசும் உயரத்தில், கம்பியை உரசுவது போல வேறு ஏதோ ஒன்று. ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் தத்தம் இடத்தில் நின்று கத்தின.

பன்னிரண்டு பதின்மூன்று நிமிடம் ஆகியிருக்கும். படிக்கு நான்கடி தள்ளிச் சரிந்து கிடந்த ஒரு பழைய மரத்துண்டின் மேல் வெளிறிய திட்டு ஒன்று தெரிந்தது. நிலா வெளிச்சம் இலை இடுக்கில் விழுகிறது என்று நினைத்தேன். கையை நீட்டி மறைத்துப் பார்த்தேன். நிழல் விழவில்லை. வெளிச்சம் மேலிருந்து வரவில்லை, மரத்துண்டிலிருந்தே வந்துகொண்டிருந்தது. நேரம் போகப் போக அது பச்சை சாயல் கொண்டது. இருபதாவது நிமிடத்தில் மரத்துண்டின் ஒரு பக்கம் முழுவதும், பட்டையின் விரிசல் விரிசலாக, கோடு போட்டது மாதிரி மங்கலாக ஒளிர்ந்தது. சாயங்காலம் அதன் மேல்தான் என் ஈரத் துண்டைக் காயப்போட்டிருந்தேன்.

உயிருள்ள பூஞ்சை. மரத்தைத் தின்றுகொண்டே, லூசிஃபெரின் என்ற வேதிப்பொருளை ஆக்ஸிஜனோடு சேர்த்து ஒளியாக்குகிறது. மனிதக் கண் இருட்டுக்கு முழுமையாகப் பழகுவதற்கு இருபது முப்பது நிமிடம் பிடிக்கும் என்பதால், அதற்குள் யாராவது ஒரு முறை டார்ச் அடித்தால் கதை முதலிலிருந்து தொடங்கும். எதற்காக ஒளிர்கிறது? பிரேசிலில் ஒளிரும் காளான் ஒன்றை வைத்துச் செய்த ஆய்வு 2015இல் வெளியானது. காளான் வடிவில் பிளாஸ்டிக் பொம்மை செய்து, உள்ளே சிறு பச்சை விளக்கு வைத்துக் காட்டில் நிறுத்தினார்கள். விளக்கு எரியாத பொம்மையைவிட எரிந்த பொம்மைக்கு வண்டும் ஈயும் குளவியும் அதிகம் வந்தன. காற்று அசையாத காட்டடியில் விதைத்தூளைச் சுமந்து போக ஆள் பிடிக்கும் உத்தியாக இருக்கலாம் என்றார்கள். அப்படியானால், உங்கள் வெள்ளை விளக்குகளுக்கு நடுவே அந்த மரத்துண்டு இரவெல்லாம் யாருக்கும் கேட்காத குரலில் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

ஒன்பதே கால் மணிக்கு ஜெனரேட்டர் கிளம்பியது. விளக்குகள் எரிந்தன. மரத்துண்டு வெறும் மரத்துண்டாகிவிட்டது. முற்றத்தில் எல்லோரும் கைதட்டினார்கள்.

மறுநாள் காலை ஆறரைக்கு மறுபடியும் ஜீப். இருபது நிமிடத்தில் பின் டயர் பஞ்சர். ஸ்டெப்னியைக் கழற்றிப் பார்த்தால் அதிலும் காற்று இல்லை. (இதற்காக ஓட்டுநரை ஒன்றும் செய்துவிடாதீர்கள், நான் நன்றி சொல்ல விரும்பும் இருவரில் அவர் ஒருவர்.) மற்ற ஐந்து வண்டிகளும் எங்களை அனுதாபத்தோடு பார்த்துவிட்டுக் கடந்தன. வேறு டயர் வர ஒன்றரை மணி நேரம் ஆனது. வண்டியை விட்டுப் பத்தடிக்கு மேல் போகக் கூடாது என்று வழிகாட்டி கண்டிப்பாகச் சொன்னார். பத்தடி போதும் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

கொஞ்ச நேரம் எல்லோரும் முணுமுணுத்தோம். பிறகு முணுமுணுக்க விஷயம் தீர்ந்துவிட்டது. வழிகாட்டி ஒரு மரத்தைத் தட்டிக் காட்டி, “தம்பி, இங்கிருந்து பார்த்தபடியே இதே மரம் இன்னொன்று காட்டுங்கள்” என்றார். வண்டிக்குள் ‘சார்’ ஆக இருந்தவன், கீழே இறங்கியதும் தம்பியாகியிருந்தேன். அந்த மரத்தின் பட்டை செதில் செதிலாக உரிந்திருந்தது. அடியில் பலகை போல வேர்கள் புடைத்து நின்றன. பார்த்தேன். இது? இல்லை, இலை வேறு. அது? பட்டை வழவழப்பு. அதோ அந்தத் தடிமனான மரம்? சிரித்தார். கண்ணுக்கு எட்டிய தூரத்தில் நாற்பது ஐம்பது மரங்களாவது இருந்திருக்கும்; ஜோடி சேர்க்க முடியவில்லை. முந்தைய நாள் ஜீப்பிலிருந்து பார்த்தபோது எல்லாம் ஒரே பச்சைச் சுவராக இருந்த காடு அது.

போர்னியோ தீவில் சரவாக் மாநிலத்தின் லம்பிர் மலைப் பகுதியில் 52 ஹெக்டேர் நிலத்தை அளந்து, அதில் நிற்கும் மரங்களை ஒன்றுவிடாமல் எண்ணியிருக்கிறார்கள். 1,000க்கும் மேற்பட்ட மர இனங்கள். பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் 1980இல் தொடங்கிய 50 ஹெக்டேர் ஆய்வு நிலத்தில் சுமார் 300 இனங்கள். ஒரே இனம் ஏன் கூட்டமாக நிற்பதில்லை என்பதற்கு டேனியல் ஜான்சென் 1970இலும் ஜோசப் கான்னெல் 1971இலும் தனித்தனியாக ஒரே மாதிரியான விளக்கம் தந்தார்கள். தாய் மரத்தின் அடியில் விழும் விதையையும் கன்றையும், அந்த இனத்துக்கே உரிய பூச்சியும் பூஞ்சையும் தேடி வந்து அழித்துவிடுகின்றன. தூரத்தில் போய் விழுந்தது தப்பிக்கிறது. நடுவில் கிடைத்த இடத்தில் வேறொரு இனம் முளைக்கிறது. வழிகாட்டியிடம் இதைச் சொன்னேன். அவர் ஜான்சென் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. “தாய் மரத்தடியில் பிள்ளை பிழைக்காது தம்பி” என்றார். எங்கள் வீட்டிலிருந்து என்னை வெளியூருக்குத் துரத்தியபோது யாரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

பிறகு கீழே கிடந்த ஒரு காயை எடுத்தார். கோலிக்குண்டு அளவு, பச்சை; ஏதோ ஒரு அணிலோ குரங்கோ பாதி கடித்துப் போட்டது. காட்டத்தி. நகத்தால் பிளந்து என் உள்ளங்கையில் வைத்தார். உள்ளே நூற்றுக்கணக்கில் பொடிப் பொடியாக ஏதோ நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. கண்ணருகே கொண்டுபோனேன். சிலது அசைந்தது. எள்ளில் பாதி இருக்கும் கருங்குளவி ஒன்று, இறக்கையைப் பிரித்து, என் ஆயுள்ரேகையின் குறுக்கே நடந்து, பறந்துபோனது.

‘அத்தி பூத்தாற்போல’ என்று அரிதான எதற்கும் சொல்கிறோம். அத்தி பூக்காமல் இல்லை. அது வெளியே தெரியாமல் பூக்கிறது. நாம் காய் என்று நினைப்பது, பூக்களை உள்ளே வைத்து மூடிய பை. அந்தப் பூவுக்கு மகரந்தம் கொண்டுவர, அதற்கென்றே ஒரு குளவி இனம் இருக்கிறது. நுனியில் உள்ள இடுக்கு வழியாகத் தாய்க்குளவி இறக்கை பிய்ந்தாலும் பரவாயில்லை என்று நுழைந்து, மகரந்தத்தைச் சேர்த்து, முட்டையிட்டு, உள்ளேயே செத்துப்போகிறது. குஞ்சுகளில் ஆண்களுக்குப் பெரும்பாலும் இறக்கையே கிடையாது. அவை பெண்களோடு கூடி, வெளியேற வழி குடைந்து கொடுத்துவிட்டு, வெளியுலகத்தைப் பார்க்காமலேயே முடிந்துவிடுகின்றன. பெண் குளவிகள் மகரந்தத்தோடு அடுத்த மரத்தைத் தேடிப் போகின்றன. அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை என்று கேலியாகச் சொல்லிவைத்தார்களே, அந்தச் ‘சொத்தை’ இல்லாவிட்டால் அத்தி இல்லை. உலகில் 750க்கும் அதிகமான அத்தி இனங்கள் இருக்கின்றன. ஆலும் அரசும் அந்தக் குடும்பம்தான். ஒரே இனத்து மரங்கள்கூட ஒரே நேரத்தில் காய்ப்பதில்லை. குளவிக்கு அடுத்த வீடு எப்போதும் தயாராக இருக்க வேண்டுமே! அதனால் காட்டில் வேறு கனி இல்லாத மாதத்திலும் எங்கேயாவது ஓர் அத்தி பழுத்திருக்கும். குரங்கு, அணில், வௌவால், இருவாச்சி எல்லாம் அந்த மாதங்களை அதை வைத்துத்தான் தாண்டுகின்றன.

இருவாச்சி என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, தலைக்கு மேல் ரம்பத்தால் அறுப்பது போல ஒரு சத்தம். இறக்கை அடிக்கும் ஓசை. இலைகளுக்கிடையே ஒரு கணம் கறுப்பும் வெள்ளையும், பெரிய அலகும். பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, வாயிலைப் பூசி அடைத்துக்கொண்டு, ஒரு கீற்று இடைவெளி மட்டும் விட்டு அடைகாக்கும். வாரக்கணக்கில், சில இனங்களில் மாதக்கணக்கில், ஆண் கொண்டுவந்து ஊட்டுவதுதான் அதற்கும் குஞ்சுக்கும் சாப்பாடு. “வண்டி ஓடிக்கொண்டே இருந்தால் இது இந்தப் பக்கம் வராது. நாற்பது நிமிடமாக நாம் ஓடவில்லை அல்லவா” என்றார்.

டயர் வந்தது. மாட்டினார்கள். ஏறி உட்கார்ந்தோம். அவர் மறுபடியும் வாக்கி டாக்கியை மடியில் வைத்துக்கொண்டு மௌனமானார். நான் மறுபடியும் சார் ஆனேன். முப்பது ஆண்டு காட்டறிவு, ‘கையை வெளியே நீட்டாதீர்கள்’ என்று சொல்வதற்கு மட்டும் பயன்பட்டுக்கொண்டிருக்கிறது. காட்டில் எறித்த நிலா என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. பஞ்சர் ஆகாமலேயே வண்டியை நிறுத்துங்கள். இரண்டு சவாரிகளில் ஒன்றை எடுத்துவிட்டு, அந்த நேரத்துக்கு எங்களைப் பாதுகாப்பான ஓரிடத்தில் ஒரு வழிகாட்டியோடு உட்கார வையுங்கள். மரக்கட்டை பெஞ்சு போதும். ஒரு மணி நேரத்துக்குப் பேசக் கூடாது என்று விதி போடுங்கள். எங்களால் முடியாது என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். இரவில், மின்தடைக்குக் காத்திராமல், தினமும் அரை மணி நேரம் முற்றத்து விளக்குகளை அணையுங்கள். பிறகு, மரத்துக்கு அடியிலிருந்து ஒளி பாய்ச்சும் அந்த விளக்குகளை எப்போதைக்குமாக அணைத்துவிட்டாலும் யாரும் அழ மாட்டார்கள்.

யானை நடமாடும் காட்டில் வருகிறவனையெல்லாம் இறக்கி நடக்கவிட முடியாது என்பீர்கள். உண்மை. யானை வரும் பாதையில் எங்களை உலவ விடுங்கள் என்று நான் கேட்கவில்லை. பத்தடிதான் கேட்கிறேன். முழங்கால் வலியோடு வரும் முதியவர்கள் என்ன செய்வார்கள் என்றால், குலுங்கும் ஜீப்பைவிட அசையாத பெஞ்சு அவர்களுக்கு நல்லது. எங்கள் வண்டியில் இருந்த ஒரு பாட்டி சனிக்கிழமை முழுக்கக் கம்பியைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டு வந்தார். பஞ்சரான பிறகுதான் கண்ணைத் திறந்து காட்டைப் பார்த்தார். இருவாச்சியை எங்களுக்கு முன்னால் கண்டதும் அவர்தான்.

வருமானம் பற்றிய கவலை நியாயமானது. காப்பகத்தை நம்பிப் பிழைக்கும் ஊர்கள் இருக்கின்றன. ஆனால் ஆள் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தினால் யாரும் வரமாட்டார்கள் என்று சொல்வதை நான் நம்பவில்லை. உகாண்டாவிலும் ருவாண்டாவிலும் மலை கொரில்லாக்களைப் பார்க்கப் போகிறவர்கள், ஒரு கொரில்லாக் குடும்பத்துக்கு நாளொன்றுக்கு எட்டுப் பேர், ஒரே ஒரு மணி நேரம் என்ற விதிக்குக் கட்டுப்பட்டுத்தான் போகிறார்கள். உலகெங்கிலுமிருந்து வருகிறார்கள். மாதக்கணக்கில் காத்திருந்து வருகிறார்கள். நம் ஆறு ஜீப்பை மூன்றாக்கினால் வானம் இடிந்து விழாது.

வாகன நிறுத்துமிடத்தில் குரங்குகளுக்கு பிஸ்கட் கொடுப்பதைப் பற்றி எழுத நினைத்தேன். ‘உணவளிக்காதீர்கள்’ என்ற பலகைக்கு நேர் கீழேயே பிஸ்கட் விற்கும் கடை இருப்பதால், மேற்கொண்டு எழுத ஒன்றும் இல்லை.

கடைசியாக அந்தப் படிவம். அட்டை கணக்கில் வராது என்று சொன்ன காவலரிடம் அப்போது வாதாடவில்லை, வெயிலில் நின்றுகொண்டிருந்தார். இப்போது சொல்கிறேன். பஞ்சரான இடத்தில்தான் அது என் மேல் ஏறியது. ஈர இலை ஒன்றின் நுனியில் நின்று, உடம்பைக் காற்றில் நீட்டி, யார் வருகிறார்கள் என்று விசாரிப்பது போல ஆடிக்கொண்டிருந்தது. காலுறையின் இழைக்குள் எப்படிப் புகுந்தது என்று தெரியவில்லை. கடித்தது தெரியவே தெரியாது. நிறைந்து உருண்டு விழுந்த பிறகு, ரத்தம் உறையாமல் வழிந்துகொண்டே இருந்ததைப் பார்த்துத்தான் கண்டேன்.

வியட்நாமின் காடுகளில் சேகரித்த 25 அட்டைகளின் வயிற்றில் இருந்த ரத்தத்தின் மரபணுவைப் பிரித்துப் பார்த்த ஆய்வு 2012இல் வெளியானது. 21 அட்டைகளில் பாலூட்டிகளின் தடயம் கிடைத்தது. மனிதர் கண்ணில் அரிதாகவே படும் வரிமுயல் ஒன்றும் அந்தப் பட்டியலில் இருந்தது. குடித்து நான்கு மாதம் கழித்தும் ரத்தத்தின் அடையாளம் அட்டையின் உடலில் இருக்கும் என்றும் கண்டார்கள். உங்கள் படிவத்தின் ஐந்து கட்டங்களுக்கும் பதில் என் கணுக்காலில் தொங்கிய அந்த அட்டைக்குத் தெரிந்திருக்கலாம். அது அடுத்து எந்த விலங்கின் மேல் ஏறியதோ, அந்தக் கணக்கில் நானும் ஒரு வரியாக இருப்பேன்.

படிவத்தைக் குப்பையில் போடாமல் வைத்திருந்தால், ‘அட்டை’க்குக் கீழே இவற்றையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்: சாணவண்டு ஒன்று, அத்திக் குளவி (எண்ணவில்லை), இருவாச்சி ஒன்று, ஒளிரும் மரத்துண்டு ஒன்று. கடித்த இடம் இன்னும் அரித்துக்கொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
பஞ்சரான ஜீப்பின் பின் இருக்கையில் இருந்தவன்